பதினோரு வீட்டுக் காப்பி

24 ஏப்ரல் 2025, வியாழன்

கீழ்த்தாடையில் வலப்பக்கம் இரண்டு ஸ்க்ரூ வைத்தாகிவிட்டது. ஆறு வருடமாக இடப்பக்கம் மட்டுமே மென்றவள் நான். எலும்பு அவற்றைப் பிடித்துக்கொள்ள நான்கு மாதமாவது ஆகுமாம். அதன் பிறகுதான் மேலே பல். முதல் ஒரு வாரம் ரொம்ப ஜாக்கிரதை என்றார் டாக்டரம்மா. சூடு கூடாது, ஸ்ட்ரா கூடாது, காறித் துப்பக் கூடாது, குனிந்து பாரம் தூக்கக் கூடாது. கல்லூரி நூலகத்தில் நான்கு நாள் லீவு வாங்கியிருக்கிறேன்.

25 ஏப்ரல்

கன்னம் பன் மாதிரி. ஐஸ் ஒத்தடம்.

மாலையில் திண்டிவனத்திலிருந்து நாத்தனார் லூர்துசெல்வி போன். மகள் பிரின்சிக்கு மே பதினாலில் கல்யாணம். பத்திரிகை வைக்கத் தாய்மாமன் ஜோடியாகத்தான் வர வேண்டுமாம். ஸ்பீக்கரில் கேட்டது: "அண்ணிக்கு வாய்லதானே ஆபரேஷன், கால்லயா?" இவர் சிரித்தார். "லீவுலதான் கீறா, நாளைக்கே வர்றோம்" என்றார்.

என் லீவு. என் தாடை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

26 ஏப்ரல், சனி

பதினோரு வீடு. வெயிலில், லூர்துசெல்வி முன்னால், நாங்கள் பின்னால். ஒவ்வொரு வீட்டிலும் ஆவி பறக்கும் காப்பி. முதல் இரண்டு வீட்டில் கன்னத்தைக் காட்டித் தப்பித்தேன். மூன்றாவது வீட்டு அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்க வூட்டுல குடிக்க மாட்டீங்களா?" இவர் என்னைப் பார்த்த பார்வை! "ஒரு வாய்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

அட்ஜஸ்ட் பண்ணினேன். அடுத்த வீட்டிலும். அதற்கடுத்த வீட்டிலும். எட்டாவது வீட்டில் நாக்கில் உப்புக் கரித்தது. ரத்தம். துப்பவும் கூடாது, விழுங்கவும் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கப்படுவதாக நினைத்து அந்த வீட்டுப் பெண் சிரிக்கிறாள். அப்புறமும் மூணு வீடு கூட்டிக்கினு போனாரே! எனக்கு ஏன் வாய் வரல? அந்த நடுத்தெருவுல நின்னு, வர மாட்டேன்னு ஏன் சொல்லல?

28 ஏப்ரல், திங்கள்

பின்பக்கத் தையல் பிரிந்திருக்கிறது. "என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். என்னைத்தான் கேட்டார். இவர் முந்திக்கொண்டார்: "கஞ்சிதாங்க டாக்டர், வேற ஒண்ணும் இல்ல."

பாதி திறந்த வாயோடு சொன்னேன்: "ஒன்பது வீட்டுக் காப்பி, டாக்டர். நல்ல சூடா."

திரும்பத் தைத்தார்கள். பிடித்துக்கொள்ளுமா என்று இப்போது சொல்ல முடியாதாம். வழியெல்லாம் இவருக்குக் கோபம். மானம் போய்விட்டதாம். யாருடைய மானம்?

3 மே

இன்று வானூர் பக்கம் பத்திரிகை. போகவில்லை. கதவைத் தாழ்போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். தனியாகப் போனார். கல்யாணத்துக்கு வரும் சொந்தம் முழுக்க இனி என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லும். சொல்லட்டும்.

14 மே

பிரின்சி அழகாக இருந்தாள். லூர்துசெல்வி என்னைப் பார்க்காத மாதிரியே நாள் முழுக்கச் சுற்றினாள். நான் தயிர்சோறு மட்டும் சாப்பிட்டேன்.

12 ஜூன், வியாழன்

பின்பக்க ஸ்க்ரூ ஆடுகிறது. கழற்றிவிட்டார்கள். காப்பியால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா, நியாயமாக. இவர் அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா, டாக்டரே சொல்லிட்டாங்க."

எலும்பு ஆறிய பிறகு மறுபடி முதலிலிருந்து. மறுபடி கிழித்து, மறுபடி துளைத்து. இவருக்கு அது ஒரு பேச்சு. எனக்கு ஒரு தாடை.

25 செப்டம்பர், வியாழன்

புது ஸ்க்ரூ. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. என்னோடு நூலகத்தில் வேலை செய்யும் வேணியின் ஸ்கூட்டரில் ஏறி, கோலியனூரில் அவள் வீட்டுக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமை வருகிறேன் என்று இவருக்கு மெசேஜ் போட்டேன்.

27 செப்டம்பர், சனி

காலையில் இவர் போன். வேணி எடுத்தாள். லூர்துசெல்வி குடும்பத்தோடு நாளை மதியச் சாப்பாட்டுக்கு வருகிறாளாம், நான் காலையிலேயே வந்துவிட வேண்டுமாம். போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"அவங்க பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க சார்" என்றாள் வேணி. "நாலு நாளைக்கு."

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் எதிரில் உட்கார்ந்து, ஆறிய ரசம் சோற்றை மசித்துக்கொண்டிருந்தேன்.