கரும்பலகை மூலையில்

மதுரை, 14.8.1998

அன்புள்ள ஆஷ்லின் அப்பாவுக்கு,

மாதா துணையால் சுகமாக இருக்கிறேன். திண்டிவனத்தில் நீங்களும் பிள்ளைகள் இருவரும் சௌக்கியமா? உங்கள் இருமல் நின்றதா?

நேற்று எம்.ஏ. வகுப்பில் ஒரு கூத்து. பேராசிரியர் வருமுன், பன்னிரண்டு வருடம் காணைப் பள்ளியில் டீச்சராக இருந்த பழக்கத்தில், கரும்பலகையைத் துடைத்து, மூலையில் தேதி போட்டு, "பதிவு 20, வருகை 19" என்று எழுதிவிட்டேன். கூடப் படிப்பவர்கள் சிரித்தார்கள். பேராசிரியர் மட்டும், "அழிக்காதீங்கம்மா, இருக்கட்டும்" என்றார்.

விழுப்புரம் ஸ்டேஷனில், "வீட்ட நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா படிச்சிக்கினு வா" என்றீர்களே, அது இன்னும் காதில் இருக்கிறது.

யாராவது வந்தால் வறுத்த மல்லாட்டை கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள்; இங்கே நிலக்கடலை என்றால்தான் புரிகிறது. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். என் சாப்பாட்டுத் தட்டை மட்டும் பரணில் ஏற்றிவிடாதீர்கள். நம் வீட்டில் பதிவு நான்கு, வருகைதான் மூன்று.

அற்புதமேரி