பித்தளை ஸ்டவ்வும் அடைத்த ஜன்னலும்

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கு, நம் ஊர் கணபதியிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் உனக்கும் தலைவலி காய்ச்சல் என்று ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று அங்காளம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் முகம் பார்க்கிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய் கண்ணு. போனில் நான் ஆரம்பித்தாலே நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுகிறாய், உன் அப்பாவும் பக்கத்தில் நின்றுகொண்டு வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டுகிறார். முந்தாநாள் நான் ஜன்னலைத் திற ஜன்னலைத் திற என்று கத்தியபோதும் சரிம்மா சரிம்மா என்றாயே தவிர ஏன் என்று கேட்கவில்லை, எனக்கும் அழுகைதான் வந்ததே ஒழிய சொல்ல வரவில்லை. அதனால்தான் உன் சிநேகிதி பிந்து ஸ்வீடனுக்குத் திரும்பும்போது அவள் கையில் கொடுத்தனுப்ப எழுதுகிறேன். உட்கார்ந்து முழுதும் படி, அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு நின்றபடி படிக்காதே.

போன ஆவணியில் நீ வந்தபோது, அங்கே பழைய சாமான் சந்தையில் பிடித்தேன் என்று ஒரு குட்டிப் பித்தளை ஸ்டவ்வைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாயே, மலையேறப் போகிறவர்கள் அந்தக் காலத்தில் முதுகில் தூக்கிப்போனது என்றும், வால்வில் ஒழுகுகிறது அப்பா சரிசெய்து வைக்கட்டும் என்றும் சொன்னாயே, அதில்தான் எல்லாம் ஆரம்பம். நீ விமானம் ஏறியதும் அவருக்கு வேறு நினைப்பே இல்லை. பட்டறையில் பம்ப் செட் வேலை கிடக்க, இதற்குத் தோலில் வாஷர் வெட்டினார், லேத்தில் போட்டு ஒரு சின்ன மூடி கடைந்தார், புளி போட்டுத் தேய்த்துத் தங்கம்போல ஆக்கினார். ரேஷனிலும் இப்போது கிடைக்காத மண்ணெண்ணெயை எங்கே பிடித்தாரோ தெரியாது. காலையில் காபி அதில்தான், சாயங்காலம் கொள்ளு ரசம் அதில்தான். நடுவில் மட்டும் தீ குத்துவதால் உன்னிடம் அங்கே இருக்கிற இன்னொரு அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிறது என்று நீ சொன்னதைக் கேட்டு, வட்டமாக ஓர் இரும்புத் தகடு வெட்டி இடையில் வைத்துப் பார்த்து, இப்ப ஒட்டறதில்லைன்னு பிரியாகிட்டச் சொல்லு என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நீங்கள் இரண்டு பேரும் போனில் அடுப்பைக் காட்டி அடுப்பைக் காட்டிப் பேசுவதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான். பயமும்தான். எனக்குத் தெரிந்த பயமெல்லாம் ஸ்டவ் வெடிக்கும் என்பது ஒன்றுதான். அவர் பம்ப் அடிக்கும்போதெல்லாம் முந்தானையைச் செருகிக்கொண்டு வாசல்படியில் நிற்பேன். பயப்பட வேண்டியது அது இல்லை என்று எனக்கு யார் சொன்னார்கள்.

கார்த்திகையில் கோபி ஊரில் நம் சொந்தக்காரப் பெண் அக்ஷிதா கல்யாணத்துக்கு நான் மட்டும் போனேன் என்று சொன்னேன் அல்லவா, அன்று நடந்ததைத்தான் உன்னிடம் மறைத்தோம். ஞாயிற்றுக்கிழமை, பட்டறைக்கு லீவு. உங்கப்பா கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, நான் பட்டறையில் உட்கார்ந்து அரிசிம்பருப்பு சாதம் பொங்கிக்கொள்கிறேன் என்று நின்றுவிட்டார். அங்கே பந்தி முடிந்து கை கழுவும்போது, சாப்பிட்டாரா என்று கேட்கலாம் என்று போன் போட்டேன். நல்ல மழை என்றார், காத்து வந்து ஸ்டவ்வை அணைச்சு அணைச்சு உடுது, அதான் பின்னாடி ரூமுல ஷட்டரை இறக்கிப்போட்டு உக்காந்துட்டேன் என்றார். தல பாரமா இருக்குது மதி என்றார். மழைக்கு அப்படித்தான் இருக்கும் என்று நானும் சாதாரணமாகச் சொன்னேன். அப்புறம், பாப்பா இன்னும் ஸ்கூல்ல இருந்து வல்லையே, வேன் வந்துருச்சா பாரு என்றார். நீ ஸ்கூல் வேனில் போன காலத்தை விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நான் சிரித்தேன் கண்ணு. அவர் மறுபடியும் அதையே சொன்னார், வாய் குழறியது, வேன் வல்லையே, மழைல நனைஞ்சுபோடுமே என்றார். அதோடு பேச்சு நின்றுவிட்டது. போன் கட்டாகவில்லை. அந்த ஸ்டவ் உர்ரென்று இரைகிற சத்தம் மட்டும் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போதும் குக்கர் இரைந்தால்கூட அணைத்துவிட்டு அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அடுத்த பட்டறைக்காரர் சுந்தரராஜுலு நம்பரை எப்படித் தேடி எடுத்தேன் என்றே தெரியவில்லை. முதலில் எடுக்கவில்லை, மறுபடி போட்டதற்கு எடுத்தார், சாப்பிட்ட கையோடு பக்கத்துத் தெருவில் இருந்து ஓடியிருக்கிறார். நான் கல்யாண வீட்டில் யாரோ ஒருவர் காரில் ஏறிவிட்டேன், வழியெல்லாம் மழை, புளியம்பட்டி தாண்டும்வரை ஒரு தகவலும் இல்லை. உன்னை அப்போது எத்தனை தடவை கூப்பிட நினைத்தேன் தெரியுமா, கூப்பிட்டு என்ன சொல்வது. அப்புறம்தான் அவர் போன் வந்தது. அக்கா, ஷட்டரைத் தூக்கி அண்ணனை வெளிய இழுத்துப் போட்டுட்டனுங்க, மூச்சு இருக்குதுங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம், நீங்க பதறாம வாங்க என்றார். ஸ்டவ் எரிந்தபடியே இருந்ததாம். ஒழுகவில்லை, வெடிக்கவில்லை, சாதம்கூட அடிப்பிடிக்காமல் வெந்திருந்ததாம்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண், என்னை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். ஏனுங்கம்மா, மண்ணெண்ணெய் நாத்தம் அடிச்சிருந்தா அவரே எந்திரிச்சு வந்திருப்பாருங்க, இந்தக் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசமே இல்லைங்க, பூட்டின ரூமுல எது எரிஞ்சாலும் வருமுங்க, தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், எந்திரிக்கவே தோணாதுங்க என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். உங்கப்பா கண் திறந்ததும் முதலில் கேட்டது ஸ்டவ்வை அணைச்சாச்சா என்றுதான். சுந்தரராஜுலு, அண்ணா அது கெடக்குது உடுங்க என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டு அழுதார். வீட்டுக்கு வந்தபிறகு உங்கப்பா என்னிடம், பிரியாகிட்டச் சொல்லிப்போடாத, புள்ள ஆசையாக் குடுத்துட்டுப் போனது, பயந்துபோய் அங்க சமைக்கறதையும் உட்டுப்போடும் என்றார். இப்போது நன்றாக இருக்கிறார், நீ பதறாதே, சில நேரம் ஒரு பெயர் நினைவுக்கு வராமல் நிற்கிறார், அதுவும் சரியாகிவிடும் என்கிறார்கள். எனக்குத்தான் சரியாகவில்லை. நீ போனில் காட்டுகிற அறையில் ஜன்னல் எப்போதும் மூடியே இருக்கிறதே, வெளியே பனி கொட்டுகிறதே என்று நினைத்து நினைத்து ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். ஆனாலும் அவர் சொன்னதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிந்து லீவுக்கு வந்தவள் நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். பிரியாவுக்கு அந்தப் பழைய அடுப்புகள் மேல் அவ்வளவு ஆசை, தினச் சமையலே அதில்தான் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாள். அப்புறம், பிரியா சொல்லக் கூடாதுன்னு சொன்னா ஆன்ட்டி, ஆனா நான் சொல்லிடறேன் என்றாள். நீங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து இருக்கிற அந்த வீட்டில், பொதுச் சமையலறையில் நீ தாளித்தபோது மூக்கைப் பொத்தினார்களாமே, துணியெல்லாம் நாறுகிறது என்று ஒருத்தி உன் முகத்துக்கு நேரே சொன்னாளாமே. அன்றிலிருந்து நீ அந்தப் பக்கமே போகாமல், மண்ணெண்ணெய் என்றால் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஸ்பிரிட்டில் எரிகிற சின்ன அடுப்பை உன் அறைக்குள் வைத்து, கதவடியில் துண்டைச் செருகி, ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டி, வாசம் வெளியே போகாமல் ரசம் வைக்கிறாயாமே. நான் சாப்பாட்டை விட்டு எழுந்துபோய்ப் பின்வாசலில் நின்றுகொண்டேன். உங்கப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கடைசியில், எளுது மதி, நடந்ததெல்லாம் எளுது, குளுருச்சுன்னா கம்பளியப் போத்திக்கட்டும், வாசம் போச்சுன்னா போகட்டும், ஜன்னலத் தொறக்கச் சொல்லு என்றார்.

அடுப்பை விடச் சொல்லவில்லை அம்மணி, நம் சாப்பாட்டையும் விடச் சொல்லவில்லை. ஆனால் பூட்டின அறைக்குள் இனி ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் காய வைக்காதே. அந்தச் சமையலறைக்கு நீயும்தான் வாடகை கொடுக்கிறாய், பகலிலேயே போய் நின்று சமை. கடுகு வெடிப்பதற்கு யாரிடமும் நீ பயப்பட வேண்டாம். யாராவது கேட்டால் எங்க அம்மா இப்படித்தான் சமைக்கச் சொன்னாள் என்று என் மேல் பழியைப் போடு. நீ தனியாக அவமானப்பட்டுக்கொண்டு, எங்களிடம் சிரித்துக்கொண்டு, அந்த அடைத்த அறைக்குள் உட்கார்ந்திருந்ததை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. அவமானப்பட்டால் போன் போட்டு அழு, நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். டாக்டர் சொன்ன அந்த வாயு வந்தால் கத்துகிற அலாரம் அங்கே கடையில் கிடைக்குமாம். ஊரில் இறங்கியதும் அதை வாங்கி, உன் அறையில் மாட்டி, ஒட்டின டேப்பையும் கிழித்தெறிந்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை உன் கையில் தர வேண்டும் என்று பிந்துவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவளை வந்ததும் வராததுமாக என்ன செய்கிறாய் என்று நீ திட்டியிருப்பாய். திட்டினால் பரவாயில்லை, அவளுக்கு ஒரு வாய் சாதம் போடு.

நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மாவும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். பார்சலில் ரசப்பொடியும் பருப்புப்பொடியும் இருக்கின்றன. படித்து முடித்ததும் எனக்குப் போன் போடு, எந்த நேரமானாலும் சரி. திறந்த ஜன்னல் பக்கத்தில் நின்று பேசு, அந்தக் காற்றுச் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும்.

உன் அம்மா,
அ. மதிவதனி