வாணி விழாவில் ஓய்ந்த குளிர்ப்பெட்டி

மருதனார்மடம்
09.11.2025

மதிப்புக்குரிய பேராசிரியர் சுபாஜினிக்கு,

நான் பேசாமல் இருந்தது போதும். ஐந்து கிழமைகளாக ஒரு விடயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவுவதும் பெட்டிகளுக்கு எண் ஒட்டுவதுமாக இருந்துவிட்டேன். இனியும் அப்படி இருந்தால் ஒரு பிள்ளை செய்யாத பிழைக்குப் பழி சுமக்க வேண்டி வரும்.

பேராசிரியர் என்று தொடங்கினாலும் ‘நீங்கள்’ என்று எழுதக் கை வரவில்லை. ஒரே மேசையில் தவளை வெட்டியவர்கள் நாங்கள். ‘நீர்’ என்றே எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

முதலில் ஊர்ப் புதினம். போன கிழமை அரியாலைக்குப் போக நேர்ந்தது. உமது அம்மாவின் வீட்டில் இப்போது இருப்பவர்கள் வளவைத் துப்புரவாக வைத்திருக்கிறார்கள். பின்னால் கடனீரேரிக் கரையில் நாங்கள் வாளியோடு நின்ற இடத்தில் கம்பி வேலி போட்டிருக்கிறது. தண்ணீரில் ஒட்சிசன் குறையும் விடியற்காலைகளில் சின்ன மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதை எண்ணினோமே, நினைவிருக்கிறதா? எண்ணியவன் நான், எழுதியவர் நீர். அந்தக் கொப்பி உம்மோடு நோர்வேக்குப் போனது. பிறகு உமக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதிலாக ஒரு புதுவருட வாழ்த்து அட்டை வந்தது, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த படத்தோடு. எங்கள் ஆய்வு நிலையத்துக்குப் பணிப்பாளர் தேடியபோது உம்மிடம்தான் கேட்டார்கள் என்றும், நீர் சோமசேகரத்தின் பெயரைச் சொன்னீர் என்றும் பின்னர் அறிந்தேன். இவை ஒன்றையும் நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் மிச்சத்தையும் நீர் நம்பமாட்டீர்.

விடயத்துக்கு வருகிறேன். ஆடி மாதம் உலர்பனி நிறைந்த பெட்டியில் நீர் ஒரு சின்னக் குப்பி அனுப்பினீர். மனித மரபணுவைப் பற்றீரியாவுக்குள் வைத்துச் செய்வித்த ‘ஹிஃப்’ என்ற மனிதப் புரதம். உமக்கு நான் பாடம் நடத்த வரவில்லை. ஆனால் அதைப்பற்றி வாசிக்க வாசிக்க எனக்கு ஆசை கூடிவிட்டது. எங்கள் உடம்பின் கலங்கள் அதை ஓயாமல் செய்கின்றன, செய்த சில நிமிடங்களுக்குள் அழித்தும் விடுகின்றன. இன்னதை அழிக்க வேண்டும் என்று அடையாளம் வைப்பதற்கு ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசன் குறைந்தால் அடையாளம் விழாது. புரதம் தப்பி நின்று கலத்தின் கருவுக்குள் போய், செங்குழியத்தைக் கூட்டு, குருதிக்குழாயைப் பெருக்கு என்று கட்டளை கொடுக்கத் தொடங்கும். ஏன் இந்த வீண் வேலை என்று பல நாள் யோசித்தேன். மூச்சு முட்டிய பிறகு செய்யத் தொடங்கினால் பிந்திவிடும் என்பதாக்கும். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு துளியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்றால் நீர் சிரிப்பீர்.

அந்தத் துளி எங்கள் ஆய்வு மாணவி தர்சிகாவுக்குத் தராசில் வைக்கும் படிக்கல் மாதிரி. மயிலிட்டியில் மூச்சடக்கிச் சங்கும் கடலட்டையும் எடுக்கும் சுழியோடிகளின் குருதியில் இந்தப் புரதம் எவ்வளவு, இங்கே வெங்காயத் தோட்டங்களில் வேலை செய்பவர்களின் குருதியில் எவ்வளவு என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை. உமது புரதத்தின் அளவு தெரியும் என்பதால் மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டே நிறுக்கிறோம். குப்பி வந்த அன்றே அதை இருபது சின்னக் குழாய்களாகப் பிரித்து, மறை எண்பது (-80) பாகைக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். ஒரு சொட்டை எடுத்து, மின்புலத்தில் புரதங்களைப் பிரிக்கும் கூழ்த்தகட்டில் ஓடவிட்டுப் படமும் பிடித்தேன். கோடு கிழித்த மாதிரி ஒரே கறுப்புக் கோடு. புரட்டாதி முற்பகுதியில் தோட்டக்காரரின் குருதியை அளந்தாள். அதுவரை எல்லாம் சரி.

பிறகு நவராத்திரி முடிவில் வாணி விழா வந்தது. போன வருட அழைப்பிதழில் எல்லாருடைய பெயரும் இருந்தது, கடலை தந்த கடையின் பெயர் உட்பட. என்னுடையது இல்லை. அதனால் இந்த முறை விழாவுக்கு மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தேன். அந்தக் கோபம் எனக்கு நியாயமாகவே பட்டது, இப்போதும் படுகிறது. ஆனால் நான் அங்கே நின்றிருந்தால் நடந்தது நடந்திராது.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தபோது ஒவ்வொரு கருவியிலும் சந்தனப் பொட்டும் செவ்வரத்தம்பூவும் இருந்தன. குளிர்ப்பெட்டியிலும் இருந்தது. பெட்டி வழக்கம்போல் இரைந்துகொண்டிருந்தது, எண்ணும் மறை எண்பதுதான் காட்டியது. கறண்ட் அடிக்கடி போன காலத்தில் பழகிய ஒரு வழக்கம் என்னிடம் உண்டு. பிளாஸ்ரிக் கோப்பையில் தண்ணீர் உறையவைத்து, பனிக்கட்டியின் மேல் ஒரு இரண்டு ரூபாய்க் குற்றியை வைத்துவிடுவேன். பெட்டி இடையில் நின்று பனி உருகி மறுபடி உறைந்தால் குற்றி மேலே இராது. அன்று அது கோப்பையின் அடியில் கிடந்தது, மேலே நல்ல தெளிவான பனிக்கட்டி.

நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏரம்பரைக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. மூண்டு நாளைக்கு ஒரு மெஷினும் வேலை செய்யக்கூடாது, எல்லாத்துக்கும் ஓய்வு குடுக்கவேணும் எண்டு பணிப்பாளர் ஐயா சொன்னவராம். இது பெட்டிதானே, மெஷினோ எண்டு தானும் கொஞ்ச நேரம் நிண்டு யோசிச்சவராம். பிறகு, இரையுது, அப்ப மெஷின்தான் எண்டு முடிவெடுத்துப் பிளக்கைக் கழட்டி, சரஸ்வதியின்ரை மின்குமிழ் மாலையை அதிலை கொழுவினவராம். உள்ளுக்கும் துடைச்சு, பெட்டியளை இருந்த மாதிரியே அடுக்கினவராம். நல்லாச் செய்தனான் தானே தம்பி எண்டு என்னையே கேட்டார். செவ்வாய் காலை முதல் வியாழன் மதியம் வரை பெட்டி ஓடவில்லை. ஓம், வடிவாகத் துடைத்திருக்கிறீர்கள் என்றேன்.

இந்த இடத்தில் நான் சோமசேகரத்திடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. போனால், நீர் ஏன் லீவிலை நிண்டனீர் எண்டு முதலில் என்னைத்தான் கேட்பான். அது மட்டும் காரணமில்லை. அவனுடைய பெயர் கட்டுரையில் கடைசி ஆசிரியராக வரப்போகிறது. பிழையான எண்ணோடு வெளிநாட்டு மேடையில் ஏறி, கேள்வி கேட்கும்போது அவன் முழிக்கட்டும் என்று விரும்பினேன். அந்த மேடையில் அவனுக்கு முன்னால் தர்சிகா நிற்பாள் என்று அப்போது நினைக்கவில்லை. நினைக்காதது போல இருந்தேன் என்பதே சரி.

வாடைக்காற்று தொடங்குமுன் மயிலிட்டிக் கரைக்கு நானும் போனேன். புரதம் சில நிமிடங்களில் அழிந்துவிடும் என்பதால், தண்ணீரை விட்டு வந்த கையோடு குருதி எடுக்க வேண்டும். தாதி கரையில் ஊசியோடு தயாராக இருக்க, தர்சிகா பனிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள். கஜீபன் என்றொரு இளைஞன், தங்கச்சி, மூச்சை விடட்டோ பிடிக்கட்டோ, சொல்லிப்போட்டுக் குத்தும் எண்டு பகிடி விட்டான். இன்னொருவர், கடலிலை இருக்கிற சுறாவே எங்களிட்டை இரத்தம் எடுக்கேல்லை, இந்தப் பெட்டை எடுத்துப்போட்டாள் எண்டார். அவளுடைய தகப்பன் கதிரவேலுவும் வரிசையில் இருந்தார். அந்த மாதிரிகள் எல்லாம் பெட்டி மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு வைத்தவை. அவற்றில் பழுதில்லை. பழுது படிக்கல்லில்தான். ஒரு கிலோப் படி அரைக் கிலோவாகத் தேய்ந்திருந்தால், அதில் நிறுக்கும் எந்த வெங்காயமும் இரண்டு மடங்காகத்தானே காட்டும்?

நாலு மடங்காகக் காட்டியது. அவள் வரைபைத் தொலைபேசியில் கொண்டுவந்து, அண்ணை பாருங்கோ, எங்கடை ஆக்களிலை நாலு மடங்கு எண்டு காட்டினாள். நல்லது பிள்ளை என்று சொல்லிவிட்டு நான் போத்தல் கழுவப் போனேன். அடுத்த சனிக்கிழமை தனியே வந்து, மிச்சக் குழாய் ஒன்றை அதே மாதிரிக் கூழ்த்தகட்டில் ஓடவிட்டேன். கோட்டைக் காணவில்லை. மை ஊறின மாதிரி மேலிருந்து கீழே ஒரு கறை. இரண்டு படங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன், பின்புறத்தில் திகதி உண்டு.

நாலு மடங்கு என்ற எண்ணைப் பார்த்துத்தான் வருகிற ஆவணிக்கு அவளை உமது ஆய்வுகூடத்துக்கு எடுப்பதாக நீர் எழுதினீராம். கட்டுரை மார்கழி பதினைந்தாம் திகதி போகப்போகிறது, அவளுடைய பெயர் முதலாவதாக. இன்னொருவர் எங்காவது அளந்து பார்த்தால் ஒரு வருடத்தில் வெளிச்சத்துக்கு வந்துவிடும். அப்போது சோமசேகரம், பிள்ளை செய்த வேலை, எனக்குத் தெரியாது என்று கையை விரிப்பான். முதல் கட்டுரையிலேயே பொய் எண் போட்டவள் என்ற பெயர் அவளோடு கடைசி வரை போகும்.

நேற்று கதிரவேலு மகளைக் கூட்டிப்போக வந்தார். ஒரு பை நிறையத் திரளி மீன் கொண்டுவந்திருந்தார். தன்னுடைய இரத்தம் தனக்கு முதல் நோர்வேக்குப் போகுதாம் எண்டு சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அண்ணை, நீங்கள் படிச்சனீங்கள், உண்மையாச் சொல்லுங்கோ, எங்கடை இரத்தம் வேறைதானோ எண்டு கேட்டார். பெருமைக்குக் கேட்கவில்லை. முப்பது வருடமாகக் கடலுக்கு அடியில் தன் உடம்பு என்ன செய்தது என்று அறிய ஒரு மனிதன் கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. நாலு மடங்கு பொய் என்று தெரியும், உண்மை எத்தனை மடங்கு என்று தெரியாது. இரண்டாக இருக்கலாம், ஒன்றாகவும் இருக்கலாம். அந்த எண்ணை அறிய வேண்டும் என்ற ஆசை, சோமசேகரத்தின் மேல் உள்ள கோபத்தை விடப் பெரிதாக வளர்ந்திருப்பது எனக்கே நேற்றுத்தான் தெரிந்தது.

ஆகவே இதைச் செய்யும். இன்னொரு குப்பி அனுப்பும். இரண்டு கூட்டத்தையும் ஒரே நாளில், ஒரே தட்டில், புதிய குப்பியை வைத்து மறுபடி அளந்தால்தான் கட்டுரைக்கு ஒப்புவேன் என்று நீராக எழுதும். சுழியோடிகளின் மாதிரிகள் போதியளவு இருக்கின்றன. தோட்டக்காரருடையவை அந்த மூன்று நாளில் கெட்டுவிட்டன, புதிதாக எடுக்க வேண்டும். அவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பிழையை அவளே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்தவள் என்ற பெயர் அவளுக்கு இருக்கட்டும். ஏரம்பரை யாரும் ஏசாமல் பார்த்துக்கொள்ளும். எண் சின்னதாக வந்தாலும் அவளுக்குச் சொன்ன இடத்தை எடுத்துவிடாதேயும். முழங்கால் தண்ணீரில் நின்று அவள் வேலை செய்ததை நான் பார்த்தேன். ஒரு காலத்தில் உம்மோடு வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவள் உம்மை விடக் கவனம்.

வேறு விசேடம் இல்லை. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்ளும். தெல்லிப்பழை அம்பாள் உம்மையும் உமது வீட்டாரையும் காக்கட்டும்.

இவ்வளவும் வாசித்த பிறகு நான் யார் என்பது உமக்குத் தெரியாமல் இராது. ஆனாலும் கீழே பெயரைப் போட்டால் இது ஒரு மனுவாகிவிடும், வாசிப்பவர்கள் படங்களை விட்டுவிட்டு என் கணக்கு வழக்கைப் பார்ப்பார்கள். நானும் அதைத்தான் விரும்பத் தொடங்குவேன். பதிவுத்தபால் என்றால் அனுப்புபவரின் பெயர் கேட்பார்கள், ஆகவே சாதாரண விமானத்தபாலில், என்னை அறியாத ஆட்கள் இருக்கும் சுன்னாகத்தில், நாளை காலை போடுகிறேன். கையொப்பம் இல்லாமல்.