தையல் அறை இடிபடாது

அண்ணி, அசந்து தூங்கினீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. முதலில் நல்ல சேதி: உங்கள் தையல் அறையை இடிக்க வேண்டியதில்லை.

தோட்டத்துச் சரிவில் மண் இறங்காமல் இருக்கக் கட்டப்போகும் தடுப்பை உயரமான ஒற்றைச் சுவராகக் கணக்குப் போட்டிருந்தேன். அதனால்தான் அஸ்திவாரத்தை அறைக்கு அடிவரை தோண்ட வேண்டியிருந்தது. "என் பிழைப்புல மண்ணள்ளிப் போடத்தான் டேப்பைத் தூக்கிட்டு அலையுறியா?" என்று நேற்று நீங்கள் கேட்டது சுருக்கென்று தைத்தது. காலையில் மறுபடி அளந்தேன். படிபோல இரண்டு குட்டைச் சுவர்களாகக் கட்டினால், தோண்டுகிற இடம் அறையை விட்டுத் தள்ளியே நின்றுவிடுகிறது. கொத்தனாருக்கு ஃபோன் போட்டேன். "தாராளமா கட்டலாம்மா, அறைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

மண்ணுக்குள் புதைகிற முதல் வரிசைகளையும் சேர்த்துக் கல் கணக்கை மாற்றிவிட்டேன். சுவருக்குப் பின்னால் தண்ணீர் வடிய ஜல்லி இன்னும் அரை லோடு வேண்டும். லாரிக்காரர் வந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். கல்லைக் கேட்டுக்குப் பக்கத்திலேயே இறக்கட்டும், சரிவோரம் வண்டியை விடாதீர்கள்.

கேட்டுச் சாவி ஜன்னல் மேல் இருக்கிறது. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள். அண்ணனிடம் சொன்னேன். "அப்பாடா, இனிமேலாவது ரெண்டு பேரும் பேசிப்பீங்கல்ல?" என்கிறார்.

பி.கு.: நீங்கள் மூட்டை கட்டி வைத்திருந்த துணிகளைப் பிரித்து அலமாரியில் அடுக்கிவிட்டேன். தையல் மெஷினை மட்டும் தனியாக நகர்த்த முடியவில்லை. சாயங்காலம் வந்துவிடுகிறேன், ஆளுக்கொரு பக்கம் பிடிப்போம்.