வரதன் விட்ட பெனல்டி

ஞாயிறு, 2 பெப்ரவரி

தூறல். காலையிலிருந்தே இருட்டு. துணி காய்ந்தபாடில்லை, ரேடியேட்டர் முழுக்கத் தம்பி வரதனின் காலுறைகள்.

வாங்க: கோதுமை மா, லீக்ஸ், ஆட்டிறைச்சி (கொழுப்பில்லாமல்), ரஸ்க் தூள், முழங்காலுக்குக் களிம்பு.

அடுத்த ஞாயிறு கூட்டம் எங்கள் முன்னறையில். கல்லூரிப் பழைய மாணவர் சங்கம், லண்டன் கிளை. என் புருஷன் தலைவராக இருந்தபோது இங்கே கூடத் தொடங்கினார்கள். இவர் காலமாகி ஆறு வருடம். கூட்டம் மட்டும் இடம் மாறவில்லை. "அக்கா மேல பாசம்" என்கிறார்கள். பாசம் எல்லாம் மட்டன் ரோல்ஸ் மேல்!

விஷயம்: யாழ்ப்பாணத்தில் கல்லூரி உதைபந்தாட்ட அணிக்குப் புதுக் கோச் வேண்டும். சம்பளம் இங்கிருந்து போவதால் ஆளையும் இவர்களே தெரிவு செய்வார்களாம். பந்து உதைபடுவது அங்கே, சண்டை இங்கே.

செவ்வாய், 4

மழை. முழங்கால் குத்து.

இரவுச் சாப்பாட்டில் வரதன் வட்ஸ்அப் குழுவை வாசித்துக் காட்டினான். ஒருவருக்குக் கொழும்பு ஆள் வேண்டும், நிறையச் சான்றிதழ் வைத்திருக்கிறாராம். இன்னொருவருக்கு வெள்ளைக்காரக் கோச். "புழுதியில மூண்டு நாள் நிப்பானோ?" என்று அதற்கு ஒரு பதில். கனடாவிலிருந்து யாரோ ஒருவர் குரல் பதிவு, ஏழு நிமிடம். அவருக்கு வாக்கே கிடையாது.

பிறகு நாதன் போட்டிருந்தார்: "ஏன், எங்கட வரதனைக் கேட்டால் என்ன?" ஞாயிறுகளில் பூங்காவில் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறானே, அதைப் பார்த்த ஆள்.

கீழே செல்வா, அந்த அணியில் கூட ஆடியவர்: "ஆர், ஃபைனல்ல பெனல்டியை வானத்துக்கு அடிச்சவனோ?" சிரிக்கிற மஞ்சள் முகங்கள் ஒரு வரிசை.

அதையும் வரதனே வாசித்தான். சிரித்தான். இரண்டாம் முறை புட்டு வேண்டாம் என்றான்.

பதினெட்டு வயதில், கல்லூரிக்கு ஆடியபோது, விட்ட ஒரு பெனல்டி. இப்போது தலை பாதி நரை. கல்யாண வீடு, செத்த வீடு, எங்கே போனாலும் யாராவது ஒருவர் அந்தப் பந்தை வானத்துக்கு அனுப்பாமல் விடமாட்டார். விசர் கூட்டம்.

வியாழன், 6

வெயில்! அரை மணித்தியாலம்.

கேட்டுவிட்டேன். "உனக்குப் போக விருப்பமோ?"

"சும்மா இருங்கோ அக்கா. நான் போனா உங்களை ஆர் பாக்கிறது?"

"நான் என்ன கைக்குழந்தையே?"

 இவர் படுக்கையில் விழுந்தபோது ஒத்தாசைக்கென்று வந்தவன். அதற்குப் பிறகு மேலறையை விட்டு அசையவேயில்லை. கல்யாணம் என்ற பேச்சும் இல்லை. இவன் மாடிப்படியில் இறங்கி வரும் சத்தத்தில்தான் எனக்கு விடிகிறது. இதை அவனிடம் சொன்னதில்லை.

தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். மேசையில் என் போத்தல்கள் எல்லாம் அணி வகுத்து நிற்கின்றன. மிளகாய்த்தூள் முன்னால், சீரகம் இடது பக்கம், மஞ்சளும் மல்லியும் பின்னால். கோலடியில், கோல் காப்பாளனாக, உப்பு. வரதன் ஆளாளாக நகர்த்திக்கொண்டிருந்தான். மல்லியை ஏசுகிறான்! என்னைக் கண்டதும் தேத்தண்ணி போடுகிற மாதிரி நடித்தான்.

இவனுக்கு விருப்பம். உயிரையே விடுகிற விருப்பம்.

வெள்ளி, 7

ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனேன். நல்ல கூட்டம். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் மலர், கிழக்கு லண்டன் பார்க்கிங்கில் இருக்கிறவள். அவள் புருஷன் அருள்நேசன் எதிர்க் கல்லூரி ஆள். அந்த ஃபைனலில் கோல் காத்ததே அவர்தான். கோச் சண்டையைச் சொன்னேன். மலர் சிரித்தாள்.

"வானத்துக்கோ? எங்கட ஆள் அதைத் தான் விரலால தட்டினதெண்டு கலியாணம் கட்டின நாளில இருந்து சொல்லுறார். நான் சரி சரி எண்டு கேக்கிறது."

அப்படியென்றால் தம்பி அதைக் கோலுக்குத்தான் அடித்திருக்கிறான்.

நோர்தர்ன் லைன் ரயிலில் எங்கள் கோலியர்ஸ் வுட் வரும்வரை ஒரே யோசனை. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. கொழும்பு ஆள் போவார். தம்பி மேலறையிலேயே இருப்பான். முருகா, எனக்கு அதுதான் வேண்டும். சத்தியமாக அதுதான் வேண்டும்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் அருள்நேசனுக்குப் போன் எடுத்தேன். "ஞாயிறு வாங்கோ அண்ணை. ரோல்ஸ் இருக்கு."

ஞாயிறு, 9

குளிர், காற்று. வரதன் வேண்டுமென்றே பூங்காவுக்குப் போய்விட்டான்.

அறைக்குள் ஆளுக்கொரு கத்தல். நாதன் மேசையில் அடிக்கிறார். செல்வா: "ஃபைனல்ல கால் நடுங்கினவன் பெடியளுக்கு என்னத்தைப் பழக்கிறது?"

மணி அடித்தது. அருள்நேசன்.

"நீங்கள் மற்றப் பள்ளிக்கூடம் எல்லோ?" என்றார் செல்வா.

"ஓம். எனக்கு வாக்கு வேண்டாம். ஒரு கதை மட்டும்." சின்னி விரலை நீட்டினார். கோணல் விரல். "இது அண்டைக்கு வளைஞ்சது. அவன் மூலைக்குத்தான் அடிச்சவன். என்ர விரல்ல பட்டுத்தான் மேல போனது. இவ்வளவு காலமா அவன் விட்டவன், அவன் விட்டவன் எண்டு சொல்லுறியள். நான் பிடிச்சனான் எண்டு ஒருத்தன் சொன்னனியளோ?"

"ஆர் கண்டது?"

"ரெஃப்ரி கண்டவர். அடுத்ததா உங்களுக்குக் கோர்னர் கிக் தந்தவர். நான் தொடாமல் போயிருந்தா ஏன் கோர்னர்?"

 செல்வா கையில் பாதி ரோல்ஸ். மெதுவாகச் சொன்னார்: "கோர்னர்... நானெல்லோ எடுத்தனான்."

அதற்குப் பிறகு என்ன வாக்கு! கனடாக்காரரைத் தவிர எல்லாரும் கை தூக்கினார்கள்.

வரதன் சேற்றுச் சப்பாத்தோடு வந்தான். நாதன் கட்டிப்பிடித்தார். செல்வா எழுந்து நின்றார். வரதன் அருள்நேசனின் விரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"நொந்ததோ?"

"குளிருக்கு இப்பவும் நோகும்."

எல்லாரும் போன பிறகு: "அக்கா, இந்தாளை ஆர் கூப்பிட்டது?"

"எனக்கென்ன தெரியும்? ரோல்ஸ் மணத்துக்கு வந்திருப்பார்."

என்னையே பார்த்தான். கோப்பைகளை எல்லாம் அவனே கழுவினான்.

சனி, 15 மார்ச்

தெளிந்த வானம். விமானம் நேரத்துக்குப் போனது. நாதன் காரில் திரும்பக் கொண்டுவந்து விட்டார்.

போகும் முன் குசினி மேசையில் போத்தல்களை அடுக்கி, யார் யார் எங்கே நிற்பார்கள் என்று எனக்கு விளக்கம். "விளங்குதோ அக்கா?" ஓம் என்றேன். ஒரு அறுப்பும் விளங்கவில்லை.

வியாழன், 20

காலையில் வரதனின் வீடியோ அழைப்பு. வியர்வை, புழுதி, வாயெல்லாம் பல். மைதானத்தைச் சுற்றிக் காட்டினான்.

"அங்க பாருங்கோ, அந்த நெட்டையன். அவன்தான் மிளகாய்த்தூள்."

"உப்பு எங்க?"

"கோலுக்க நிக்குது. நல்ல பெடியன், கண்ணை மூடுறான், அதுதான் பழக்கவேணும். நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

"ஓம், ஓம். போய்ப் பெடியளைப் பார்."

பிறகு அழுதேன். நன்றாக அழுதேன், யார் பார்க்கப்போகிறார்கள்.

பருப்புக்கு உப்பு வேண்டியிருந்தது. போத்தல்கள் மேசையில் அவன் வைத்தபடிதான் நிற்கின்றன. ஒரு கரண்டி எடுத்துப் போட்டுவிட்டு, உப்பைத் திரும்பக் கோலடியில் வைத்தேன்.