பின்பலகை அடிக்க வேண்டாம்

சந்திரகலா அப்பாவுக்கு,

சாலாக் செலாத்தானில் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம். பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுவேன். மீன் குழம்பு சட்டியில் இருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடுங்கள்.

உங்கள் எலக்ட்ரிக் கித்தாருக்குப் பெரிய ஸ்பீக்கர் எடுத்துக்கொண்டு கிள்ளானிலிருந்து பீர் முகம்மது அண்ணன் வருவார். அதையே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இருக்கிற சின்னது தகரத்தைக் கீறுகிற மாதிரி கத்துகிறது. "பழகப் பழகச் சரியாயிடும்லா" என்று நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை.

என்னைக் கேட்காமல் என் கல்யாணச் சேலைப் பெட்டியில் ஓட்டை போட்டு ஸ்பீக்கரை மாட்டினீர்களே, அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. மூன்று நாளாகப் பேசாததும் அதனால்தான். இருந்தாலும் பெரியதற்கு ஓட்டை போதாது. அகலமாக்கிக்கொள்ளுங்கள். அரத்தால் ஓரத்தை நன்றாகத் தேய்த்துவிடுங்கள்.

பெட்டியின் பின்பலகையை மட்டும் ஆணி வைத்து அடிக்காதீர்கள். நேற்று நீங்கள் கொஞ்ச நேரம் அதை வைத்து மூடிப் பார்த்ததும் கித்தார் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிட்டது.

தனலெட்சுமி

சொல்ல மறந்தேன்: முன்பக்கத்துச் சத்தம் கச்சேரி கேட்க வருகிறவர்களுக்கு. பின்பக்கம் திறந்திருந்தால்தான் அடுப்படிக்குக் கேட்கிறது. பேசாமல் இருந்த மூன்று நாளும் அங்கே நின்று அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.