ஞாயிற்றுக்கிழமை டப்பாவும் எழுபத்தொன்பது கிலோவும்

அந்த மூன்றடுக்கு டப்பாவை இப்போதுதான் மறுபடி கழுவி வைத்தேன். எத்தனை தடவை புளி போட்டுத் தேய்த்தாலும், மூடியைத் திறந்தால் சோம்பும் தேங்காய்ப்பாலும் கலந்த உன் வீட்டு வாசனை வந்துவிடுகிறது. அதில் சாப்பாடு வந்து மாதக்கணக்காகிவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் என் காது தானாக வாசல் பக்கம் போய்விடுகிறது. நாளைக் காலையில் நான் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். பையைக் கட்டியாகிவிட்டது, பிரித்து மறுபடியும் கட்டியாகிவிட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. உன்னிடம் பேசினால்தான் அடங்கும் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாளை மறுநாள் ஆபரேஷன். என்னுடைய கிட்னிகளில் ஒன்று தம்பிக்குப் போகிறது. எந்தக் கதையானாலும் முடிவைச் சொல்லிவிட்டு ஆரம்பி என்று பிடுங்குகிற ஆள் நீ. முடிவு இதுதான். இனி நிதானமாகக் கேள்.

திண்டுக்கல்லிலிருந்து கல்யாணமாகி வந்து, ஒரு வார்த்தை தெலுங்கு தெரியாமல் முழித்துக்கொண்டிருந்த எனக்கு, பேகம்பேட் ஆபீசில் தமிழ் பேசக் கிடைத்த முதல் ஆள் நீ. தாத்தா காலத்திலிருந்து செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம் உன்னுடையது. உன் தமிழில் பாதி ஹவ், மீதி நக்கோ, ஆமாம் வேண்டாம் எல்லாம் ஹைதராபாத் உருதுதான். பிறகு நானும் நீ இருந்த குஷாய்குடாவுக்கே வீடு மாறி வர, போக வர ஒரே பஸ் ஆனது. என் பின்னாலேயே இந்த ஊருக்கு வேலைக்கு வந்த தம்பியின் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று தெரிந்த வாரம், அந்த பஸ்ஸில்தான் உன்னிடம் சொன்னேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அவன் மனைவிக்குச் சர்க்கரை. எனக்கு எல்லாம் பொருந்துகிறது, எடை மட்டும்தான் இடிக்கிறது. எண்பத்தெட்டு கிலோவை வைத்துக்கொண்டு வந்தால் கத்தி வைக்க மாட்டேன், எழுபத்தைந்துக்கு வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று அழுதேன். நீ என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாய்.

"பதிமூணு கிலோதானே? கைக்கு ரோனா, இதுக்குப் போய் எதுக்கு அழுகை? நாளையிலிருந்து நடப்போம் பா."

நீ என்னைப் போல குண்டும் இல்லை. உனக்கு எதற்கு நடை, வேண்டுமானால் வீட்டுக்காரரோடு நடக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியிலிருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டு, விடியற்காலையில் காலனியைச் சுற்றுகிறவர் அவர். "அந்த மெயில் வண்டியோட யார் போறது? அது எந்த ஸ்டேஷன்லயும் நிக்காது" என்றாய். அன்றிலிருந்து என் வீட்டில் அவருக்குப் பெயரே மெயில் வண்டிதான்.

உன் நடை வேறு மாதிரி. பேச்சு வேகமாக வரும், கால் மெதுவாக வரும். பூங்காவைத் தாண்டி மேடு ஏறினால் மூலையில் ஒரு பச்சை கேட் வீடு இருக்குமே, அங்கே தினமும் நிற்பாய். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த கேட்டை முறைப்பாய். "வீட்டுக்கு இந்தப் பச்சை எடுக்கவே இல்ல பாரு" என்பாய். நேற்றும் இதைத்தானே சொன்னாய் என்றால், நேற்றும் அதே பச்சைதானே என்பாய். அப்படி நின்று நின்று நடந்தும் எனக்கு மளமளவென்று இறங்கியது. எண்பதுக்குக் கீழே போன அன்று ஆபீசில் என் ஸ்வீட்டையும் சேர்த்து நீயே தின்றாய்.

மழை தொடங்கிய வாரத்தில் ஒரு காலை நீ வரவில்லை. முனையில் நின்று போன் செய்தேன். எடுத்தது உன் வீட்டுக்காரர். ஹார்ட் என்றார். ராத்திரியே எல்லாம் முடிந்துவிட்டது என்றார்.

அன்று எழுபத்தொன்பதில் நின்ற முள், நின்றதுதான்.

நான் நடையை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. உன் மேல் ஆணையாக ஒரு நாள்கூட விடவில்லை. அதே நேரம், அதே பாதை. சோறு ஒரு கரண்டிதான். கொள்ளு, சீரகத் தண்ணீர், எலுமிச்சை, யார் எதைச் சொன்னாலும் செய்தேன். எடை மிஷினின் முள்ளைத் திருகித் திருகிப் பூஜ்யத்தில் நிறுத்தினேன். குளியலறையில் தரை சரியில்லை என்று ஹாலுக்குக் கொண்டுவந்தேன், ஹாலும் சரியில்லை என்று வராந்தாவுக்குக் கொண்டுபோனேன். வீட்டில் சமதளமாக இருப்பது உன் தலை மட்டும்தான், அதன்மேல் வைத்துப் பார் என்றார் என் வீட்டுக்காரர். சண்டை போட்டேன். யாரைப் பார்த்தாலும் சண்டை போட்டேன்.

வாரத்துக்கு மூன்று நாள் தம்பி மல்லாபூர் ஃபேக்டரியில் பாதி ஷிப்டோடு கிளம்பி டயாலிசிஸுக்குப் போவான். நானும் போய் உட்காருவேன். அவன் கை நரம்பு கயிறு மாதிரி புடைத்துக் கிடக்கும். அக்கா, சாப்பிட்டியா என்று கேட்பான். என் எடை எவ்வளவு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கேட்காமல் இருக்க இருக்க, எனக்கு அங்கே இருப்புக் கொள்ளாது. தண்ணீர் பிடிக்கிறேன் என்று வெளியே வந்து வராந்தாவில் மேலும் கீழும் நடப்பேன்.

கடைசியில் என் மகள்தான் என்னை ஒரு டயட்டீஷியனிடம் இழுத்துக்கொண்டு போனாள். உடம்பு இளைத்த பிறகு அதற்குப் பழைய அளவு சோறு தேவையில்லை, பழைய நடையும் அதற்குப் பழகிப்போய்விட்டது, அதனால் இப்படி நிற்பது சகஜம்தான் என்றது அந்தப் பெண். ஆனாலும் இத்தனை மாதம் அசையாமல் நிற்கிறதே, என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டது. நான் திங்களில் தொடங்கி சனி வரைக்கும் ஒப்பித்தேன். அம்மா, சண்டே என்றாள் மகள்.

"அது ஆன்ட்டி சாப்பாடுடி" என்றேன்.

டயட்டீஷியன் என்னைப் பார்த்தது. நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. உனக்குத்தான் தெரியுமே, இந்த வீட்டுப் பிள்ளை நாம் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் சொல்லும். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி லேரு கதா, அம்மா."

ஆன்ட்டிதான் இல்லையே என்று அவள் சொல்லிக் கேட்ட பிறகுதான், நான் செய்துகொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

நடந்தது இதுதான். நீ போன அடுத்த மாதம், சர்ச் முடிந்து உன் வீட்டுக்காரர் இந்த டப்பாவோடு வந்து நின்றார். மேலடுக்கில் தேங்காய்ப்பால் சாதம், நடுவில் கோலா உருண்டைக் குழம்பு, கீழே பொரித்த உருளைக்கிழங்கு. வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனிதர், உன் தங்கையிடம் போனில் கேட்டுக் கேட்டுச் செய்தாராம். நீங்க சாப்பிட்டா அவ சாப்பிட்ட மாதிரிம்மா என்றார். அதற்குப் பிறகு என்னால் எப்படி வேண்டாம் என்று சொல்ல முடியும்? உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டேன். மீந்ததை ஃபிரிட்ஜில் வைத்து செவ்வாய்க்கிழமை வரைக்கும் சாப்பிட்டேன். உன் கைப்பக்குவம் அப்படியே இருந்தது, அழுதுகொண்டே தின்றேன். வெறும் டப்பாவாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நான் முறுக்கோ அதிரசமோ போட்டு அனுப்புவேன். அடுத்த ஞாயிறு அது நிரம்பி வரும். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அந்தச் சாப்பாடு என் கணக்கில் சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது உன் பங்கு. உனக்குப் பதிலாகத்தான் சாப்பிட்டேன்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். டாக்டர் எண்ணெய் கூடாது என்கிறார் என்று சொல்லலாமா, ஊருக்குப் போகிறேன் என்று சொல்லலாமா என்றெல்லாம் யோசித்தேன். ஞாயிறு வந்தது, அவரும் வந்தார். வழக்கம்போல மோடாவில் உட்கார்ந்தார், நான் சாப்பிடுவதைப் பார்ப்பதற்கு. தட்டில் போட்ட சாதத்தை அளைந்துகொண்டே இருந்தேன், வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். இன்னும் நாலு கிலோ இறங்கணும் அண்ணா, என் தம்பி அங்கே ஊசியோடு கிடக்கிறான் அண்ணா என்றேன்.

அவர் டப்பாவின் மூடியை எடுத்து மூடினார்.

"எனக்கும் இந்தத் தேங்காய்ப்பால் நக்கோம்மா. ஒத்துக்கறதே இல்ல. நீங்க ஆசையா சாப்பிடறீங்களே, நிறுத்தினா வருத்தப்படுவீங்கன்னு பண்ணிட்டு வர்றேன்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. நீ ஒருத்தி இல்லாமல், நாங்கள் இரண்டு பேரும் உனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அவர் முறுக்கை எல்லாம் என்ன செய்தார் என்று கேட்டேன். பல்லுக்கு ஆகாது, ஆனால் வீணாக்க மனசில்லை, பாலில் ஊறப்போட்டுச் சாப்பிட்டேன் என்றார். கிளம்பும்போது வாசலில் திரும்பி, காலையில் நான் எந்த முனையிலிருந்து நடக்கிறேன் என்று விசாரித்தார்.

மெயில் வண்டியோடு நடப்பது என்றால் என்ன என்று மறுநாள் தெரிந்தது. அது நடையே இல்லை, ஓட்டம். முதல் வாரம் என் நாக்கு வெளியே தள்ளிவிட்டது. நாம் இத்தனை நாள் நடந்தது நடையே இல்லை என்றும் தெரிந்தது. ஆனால் மேடு ஏறி மூலைக்கு வந்ததும் என் கால் தானாக நின்றுவிட்டது. அவர் கொஞ்ச தூரம் போய், நான் இல்லை என்று பார்த்துத் திரும்பி வந்தார். முடியலையா சிஸ்டர் என்றார். இல்லை அண்ணா, இது அவள் தினமும் நிற்கிற இடம் என்றேன். நீ இடுப்பில் கை வைத்து நிற்பதையும், பச்சை எடுக்கவில்லை என்பதையும் சிரித்துக்கொண்டே செய்து காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "தினமுமா நின்னா?" என்றார்.

தினமும்தான் என்றேன். சொல்லும்போதே எனக்கும் புரிந்துவிட்டது.

மாதக்கணக்காக மூச்சு வாங்கியிருக்குமே, சொல்லவில்லையா என்று நீ போன அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரிடம் கேட்டாராம். இல்லவே இல்லை என்று இவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அவளோட நடந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்மா என்றார். நான் உன்னோடு நடந்தேன், எனக்கும் தெரியவில்லை. மேட்டில் ஏறி வந்து நெஞ்சு அடைக்க நின்றிருக்கிறாய், ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டின் பெயின்ட்டுக்குக் குற்றம் சொல்லியிருக்கிறாய். உன் மேல் எனக்குக் கோபம். இப்போது இதை எழுதும்போதும் கோபம். என் தம்பியின் கிட்னிக்காக என் எடையைக் கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தவள், உன் மூச்சைப் பற்றி ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் நான் நடையை நிறுத்திவிடுவேன், தம்பி காரியம் கெட்டுவிடும் என்றுதானே வாயை மூடிக்கொண்டாய்? எனக்குத் தெரியும். ஆமாம், நிறுத்தியிருப்பேன். உன்னை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருப்பேன்.

இறங்கியது. உடனே இல்லை, முதல் சில வாரம் முள் என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. டயட்டீஷியன் சோற்றைக் குறைத்து முட்டையும் சுண்டலும் கூட்டியது, தண்ணீர் பாட்டிலைக் கையில் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னது. காலையில் மெயில் வண்டி. ஒரு நாள் எழுபத்தெட்டரை. மிஷினைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடினேன், அங்கேயும் எழுபத்தெட்டரைதான். அதன் பிறகு எங்கே வைத்தாலும் ஒரே மாதிரிதான் காட்டியது. போன மாதம் டாக்டர் ஆபரேஷனுக்குச் சரி என்று சொன்னபோது, தம்பி முதல் தடவையாகக் கேட்டான், இப்போ எவ்வளவு அக்கா என்று. சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பயமாக இருக்கிறது. உன்னிடம் மறைப்பானேன்? அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் எதைப் போட்டுக் கொடுப்பது என்று தெரியாமல் இத்தனை நாள் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஏதாவது செய்து போட்டு அனுப்புவேன், முறுக்கு மட்டும் இல்லை.

இன்று காலையும் நடந்தோம். மேடு ஏறி மூலைக்கு வந்தால், அந்த கேட்டுக்குப் புதிதாக நீலம் அடித்திருக்கிறார்கள். நான் சொல்வதற்கு முன்னால் மெயில் வண்டி நின்றது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதை நன்றாகப் பார்த்தது.

"இதுவும் எடுக்கல" என்றார்.

நானும் பக்கத்தில் நின்றேன். எனக்கு இப்போதெல்லாம் அந்த மேட்டில் மூச்சே வாங்குவதில்லை. இருந்தாலும் உனக்கு மூச்சு அடங்குகிற நேரம் வரைக்கும் நின்றுவிட்டுத்தான் கிளம்பினோம்.